ஓடைத் தண்ணீரில் ஓடிய கணினிகள்

அந்த முறைப்பாடு என் மேசைக்கு வந்தபோது பெப்ரவரி மாதம் பாதி போயிருந்தது. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எழுதியது. கீழே நாற்பது கையெழுத்துகள் இருக்கும்.

நான் கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் வருவதைச் சிங்களத்துக்கு மாற்றுவதும், சிங்களத்தில் போக வேண்டியதைத் தமிழுக்கு மாற்றுவதும்தான் என் வேலை. கூட்டங்களில் பக்கத்தில் நின்று வாயால் சொல்வதும் உண்டு. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவள் நான் மட்டும்.

முதல் தாளை மாற்றக் கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி, அந்தக் குழாய்வாய், நின்று மூன்று வாரமாகிறது. பீலிக்குத் தண்ணீர் வரும் ஓடை காய்ந்து கிடக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் தார் ரோட்டுவரை இறங்கிப்போய்த் தூக்கிவர வேண்டியிருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு வந்தால் குளிக்க வழியில்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. இரண்டாம் தாளின் நடுவில் வந்த ஒரு வாக்கியத்தில்தான் பேனா நின்றது.

‘எங்கள் ஓடையை எடுத்து ஒரு பெட்டிக்குள் இரவு பகலாகக் காசு செய்கிறார்கள்.’

அப்படியே சிங்களத்தில் எழுதினால் கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். ஆனால் நான் நிறுத்தியது அதற்காக இல்லை. அந்தப் பெட்டி எது என்று எனக்குத் தெரியும். அதற்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். அதைக் கவனித்துக்கொள்கிறவன் என் கூடப்பிறந்த தம்பி.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து மேசைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். வெக்கையாக இருக்கிறது என்றேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். நாங்களும் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள்தான். நான் படித்து டவுனுக்கு வந்துவிட்டேன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் கம்பியும் மோட்டாரும் அவன் கைக்கு அடங்கின. கண்டியில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் ஒரு கடையில் பத்து வருடம் இருந்தான். பிறகு அந்த ஓடையில் ஒரு முதலாளி சின்னதாக நீர்மின் நிலையம் கட்டியபோது அதை இயக்கும் வேலைக்குப் போனான். எல்லோரும் அதைப் பவர் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள்.

மேலே ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் அணை. அங்கே மறித்த தண்ணீரைச் சிமெந்துக் கால்வாய் ஒன்று மலைச்சரிவோரமாகக் கொண்டுபோகும். பிறகு பெரிய இரும்புக் குழாய் வழியாக அது கீழே இறங்கி டர்பைனைச் சுற்றும். சுற்றி முடித்த தண்ணீர் மறுபடியும் ஓடையில் விழுந்து மகாவலி ஆற்றுக்குப் போய்விடும். அணைக்கும் பவர் ஹவுசுக்கும் நடுவே அரை மைல் ஓடை இருக்கிறது. அந்த அரை மைலின் ஓரத்தில்தான் முறைப்பாடு எழுதிய பெண்களின் லயங்கள். அதனால் அணையில் ஒரு சின்ன மதகு வைத்து, எந்தக் காலத்திலும் கொஞ்சம் தண்ணீரை ஓடைக்கு விட வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள்.

முதல் ஆறேழு வருடங்கள் அப்படித்தான் நடந்தது. அங்கே உண்டான மின்சாரம் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் பொதுக் கம்பிக்குப் போனது. மழை குறைந்தால் தம்பி டர்பைனை நிறுத்திவிடுவான். நிறுத்திய நாட்களில் டவுனுக்கு வந்து என் வீட்டு ஃபேனையும் ஸ்விட்சுகளையும் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் எல்லாம் மாறியது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. அந்த வருடத்தின் கடைசியில் முதலாளி ஒரு கொன்டெய்னரை லொறியில் ஏற்றி அந்த மலைப்பாதையில் கொண்டுவந்து பவர் ஹவுசுக்குப் பக்கத்தில் இறக்கினார். கப்பலில் சாமான் ஏற்றும் அந்த நீளமான இரும்புப் பெட்டிதான். அதற்குள் தட்டுத் தட்டாக நூற்றுக்கணக்கில் கணினிகள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, பேராதனை தாண்டி, கலஹாவில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். ஆடி மாதத்து மழை. பவர் ஹவுஸ் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் காதில் விழுந்தது. அது டர்பைன் சத்தம் இல்லை, டர்பைன் சத்தம் எனக்குப் பழக்கம். ஏற்றத் தாழ்வே இல்லாமல், மூச்சு விடாமல் ஒரே சுருதியில் இரைந்த சத்தம்.

கொன்டெய்னரின் ஒரு பக்கம் முழுவதும் பெரிய பெரிய ஃபேன்கள். உள்ளே இருக்கும் சூட்டை அவை வெளியே தள்ளின. அந்தக் குளிரில் ஒரு இடத்தில் மட்டும் அடுப்பு வாசல் மாதிரி காற்று வந்தது. தம்பி மனைவி அதற்கு முன்னால் கயிறு கட்டிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடைகளைக் காயப்போட்டிருந்தாள். மழைக்காலத்தில் அரை மணி நேரத்தில் துணி காய்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். தோட்டத்து நாய்கள் நான்கு அங்கேயே சுருண்டு கிடந்தன.

தம்பி கதவைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. இவை என்னதான் செய்கின்றன என்று கேட்டேன். உலகம் முழுக்க இருக்கும் இந்த மாதிரி மெஷின்கள் எல்லாம் ஒரு எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கின்றன என்றான். சரியான எண் யாருக்கு முதலில் விழுகிறதோ அவர்களுக்குப் புதிய பிட்கொயின், கணினியில் மட்டும் இருக்கும் காசு. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒருவருக்கு விழும், மற்றவர்கள் ஊகித்ததெல்லாம் வீண். உடனே அடுத்த எண். மெஷின்கள் எவ்வளவு கூடுகின்றனவோ எண்ணைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு கஷ்டமாகும், அதனால் நிறுத்தவே கூடாது. கொழும்பில் ஒரு பொறியியலாளர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு வரிசை நின்றாலும் தம்பியின் போன் அடிக்கும்.

“கரண்ட பொதுக் கம்பிக்குக் குடுக்கறதில்லையா?” என்று கேட்டேன்.

“மழ நல்லா பேஞ்சா மிச்சத்தக் குடுப்போம்” என்றான்.

அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோழிக்கறி சாப்பிட்டேன். என் தம்பி கம்ப்யூட்டர் பார்க்கிறான் என்று அலுவலகத்தில் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் லயங்களின் வழியாக நடந்து போனேன். அப்போது கரண்ட் கட். எல்லா வாசலிலும் குப்பி விளக்கும் போன் வெளிச்சமுமாக இருந்தது. ஒரு பெண் வாசற்படியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கீழே பவர் ஹவுசிலிருந்து அந்த இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்த்து, அங்கே மட்டும் எப்படிக் கரண்ட் இருக்கிறது என்று கேட்டாள். அது தனிக் கரண்ட் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். எதற்காக வேகமாக நடந்தேன் என்று பஸ்ஸில் வழி முழுதும் யோசித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

முறைப்பாடு வந்த அன்று மதிய இடைவேளையில் தம்பிக்கு போன் பண்ணினேன். வேறு பேச்சு எதுவும் பேசாமல் மதகைப் பற்றிக் கேட்டேன். அவன் பக்கத்தில் மெஷின் சத்தம் இரைந்தது.

“மூடித்தான் வச்சிருக்கேன்” என்றான்.

“எப்பலருந்து?”

“தைப்பொங்கலுக்குப் பொறகு. தண்ணி கொறஞ்சா ஒவ்வொரு வரிசையா நிக்குது அக்கா. நின்னா கொழும்புலருந்து கூப்புடுறாங்க. நான் என்ன செய்ய?”

அந்தப் பெண்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. அவர்கள் அவனிடமும் வந்து கேட்டிருக்கிறார்கள். மழை வந்தால் சரியாகிவிடும், அதுவரைக்கும் அந்தக் கடிதத்தை என் மேசையிலேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டான். இடைவேளை முடிகிறது என்று போனை வைத்தேன். இரண்டு நாள் அது என் மேசை லாச்சியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் நான் லாச்சியை எத்தனை தடவை திறந்து மூடினேன் என்று தெரியாது. வீட்டில் குழாயைத் திறந்தால் அந்த நாற்பது கையெழுத்துகள் கண்ணில் நிற்கும். மூன்றாம் நாள் மாற்றி எழுதி மேலே அனுப்பினேன். ஆனால் அந்த வாக்கியத்தை நான் எழுதியது இப்படி: ‘நீரோடையிலிருந்து பெறப்படும் மின்சாரம் கணினி சார்ந்த பணிகளுக்காகப் பயன்படுத்தப்படுவதாகத் தெரிவிக்கப்படுகிறது.’ பிழை என்று யாரும் சொல்ல முடியாது. காசும் அதில் இல்லை, பெட்டியும் இல்லை, ஓடையை எடுத்தவர்களும் இல்லை.

எங்கள் மேலதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. நேர்மையானவர், எப்போதும் களைத்துப்போனவர். அவர் என்னைக் கூப்பிட்டு, கணினி சார்ந்த பணி என்றால் என்ன, அங்கே வகுப்பு ஏதும் நடக்கிறதா என்று கேட்டார். நான் பிட்கொயின் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நேரத்தில்தான் அங்கே வேலை செய்பவன் என் தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. அந்தப் பகுதி அரசியல்வாதி ஒருவர் பேசினார். வெளிநாட்டுக் காசு நாட்டுக்குள் வரும் வழியை அடைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டாராம். முதலாளி அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தவர், லயத்துக்குப் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கியும் கொடுத்தவர் என்றும் சொன்னாராம். தாங்கி கொடுத்தது உண்மைதான். முதலாளியின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். அதில் நிரப்பத்தான் தண்ணீர் இல்லை. தொழிற்சங்க ஆள் ஒருவர் லயத்துக்கே போய், கையெழுத்தை வாபஸ் வாங்கினால் இரண்டு பேருக்குக் காவல் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஏழெட்டுப் பேர் வாபஸ் வாங்கினார்கள். மேலதிகாரி யாரிடமும் சண்டை போடவில்லை. எல்லோருக்கும் சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, விசாரணைக்கு நாள் குறித்தார்.

மார்ச் மாதம் ஒரு காலை நேரம். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடத்தில், கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எங்கள் மேலதிகாரியும் வேறு இரண்டு திணைக்களங்களிலிருந்து வந்தவர்களும். அவர்களுக்குப் பக்கத்தில் முதலாளி, அவரோடு அந்த அரசியல்வாதியின் ஆள் ஒருவர். எதிரே பெண்கள், பாதிப்பேர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். தம்பி சுவரோரமாக நின்றான். அவனைப் பார்த்து நான் தலையாட்டவில்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை.

விசாரணை தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஓடையைப் போய்ப் பார்த்திருந்தார்கள். கல்லும் சருகும்தான் இருந்தன. குளிக்கும் இடத்தில் சவர்க்கார உறை ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது.

பெண்களுக்காகப் பேச எழுந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கொழுந்துக்காரி. ஒல்லியான உடம்பு, கட்டையான குரல். அந்தக் கடிதத்தை எழுதியதும் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகச் சிங்களத்தில் சொன்னேன். மூன்று வாரம் இப்போது ஆறு வாரமாகிவிட்டது என்பது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்பது, எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

பிறகு அவர் சொன்னார்: “எங்க பீலி தண்ணிய அந்தப் பெட்டிக்கு ஊத்திக் காசு செய்யிறாங்க. காசு அவங்களுக்கு, காஞ்ச ஓட எங்களுக்கு. இந்த ஐயா அதைத் தெரிஞ்சேதான் செய்யிறார்.”

நான் சிங்களத்தில், மின் உற்பத்தி காரணமாக நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டிருப்பதாக இவர்கள் கருதுகிறார்கள் என்றேன்.

அவர் அடுத்ததைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், நான் சொன்னத நீங்க சொல்லல.”

சிங்களம் புரியுமா என்று கேட்டேன், அப்படிக் கேட்டதே தப்பு. முப்பது வருடமாக நாட்டுக் கடையில், சிங்களக் கிராமத்தில்தான் சாமான் வாங்குகிறேன், பேச வராது, கேட்டால் விளங்கும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மேலதிகாரி என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். அந்த அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முன்பு சொன்னது சரியில்லை, திருத்திச் சொல்கிறேன் என்றேன். பிறகு அந்த அம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெட்டி, காசு, காய்ந்த ஓடை, தெரிந்தே செய்கிறார் என்பதுவரை.

முதலாளி நல்ல உடுப்பு உடுத்திய, அமைதியாகப் பேசும் மனிதர். அவர் கோபப்படவில்லை. அனுமதிப் பத்திரத்தில் உள்ள தண்ணீரை விட வேண்டும் என்பதுதான் தன்னுடைய நிலையான உத்தரவு என்றார். மதகு மூடியிருந்தால் அது தனக்குத் தெரியாது, ஒப்பரேட்டர் தன் இஷ்டத்துக்குச் செய்திருப்பார், அவர்மேல் நடவடிக்கை எடுப்பேன் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதைத் தமிழில் அந்தப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். “தண்ணிய விடணும்னுதான் என் உத்தரவு, மதகு மூடியிருந்தா அது எனக்குத் தெரியாது, ஒப்பரேட்டர்தான் தன் இஷ்டத்துக்கு மூடியிருப்பாரு, அவர்மேல நடவடிக்கை எடுப்பேன்னு ஐயா சொல்றாரு.” ஒப்பரேட்டர் என்று சொல்லும்போது தம்பி நின்ற சுவர்ப்பக்கம் என் கண் போகாமல் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ விசாரணைகளில் நின்றிருக்கிறேன். நான் சொல்லிய சொல் என் நாக்கிலேயே அப்படி ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கொழுந்துக்கார அம்மா சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீயாத்தான் மூடுனியா?”

“நான்தான் மூடுனேன். மூடச் சொன்னாங்க, மூடுனேன்.”

யார் சொன்னார்கள் என்று மேலதிகாரி கேட்டார். கொழும்பிலிருந்து போனில் சொன்னார்கள் என்றான். எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்றார்கள். இல்லை, எல்லாம் போனில் பேசியதுதான். இதையெல்லாம் அவன் சிங்களத்திலேயே சொல்லியிருக்கலாம், அவனுக்கு நன்றாகப் பேச வரும். ஆனால் தமிழில்தான் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையும் என் வழியாகப் போக வேண்டும் என்று நினைத்தானோ, எனக்குத் தெரியாது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று சேர்த்துச் சொல்ல நினைத்தேன். மெஷின் நின்றால் அவனுக்கு வேலை போகும், இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதையும் சேர்க்கவில்லை. அவன் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில், வாகனத்தில், மேலதிகாரியிடம் அது என் தம்பி என்று சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு ஓர் ஆளை வரவழைத்திருப்பேன் என்றார். அந்தக் கோப்பிலிருந்து என்னை விலக்கினார். அறிக்கையில் என்னைப் பற்றி எழுதவில்லை, அதற்கு நான் நன்றி சொன்னபோது உங்களுக்காக எழுதாமல் விடவில்லை, எழுதினால் முதலாளி பக்கத்தார் முழு விசாரணையையும் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள், அதற்காகத்தான் என்றார்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. பொதுக் கம்பிக்குக் கொடுக்கத்தான் அனுமதி, சொந்த உபயோகத்துக்கு இல்லை என்ற ஒரு விதியைப் பிடித்து, கொன்டெய்னரை அகற்றச் சொன்னார்கள். பிட்கொயின் செய்யலாமா கூடாதா என்று யாரும் முடிவு சொல்லவில்லை. அதற்கு நம் நாட்டில் அங்கீகாரம் இல்லை, ஆனால் மெஷின் வைத்து அதை உண்டாக்குகிறவனை என்ன செய்வது என்று தெளிவாக எந்தத் தாளிலும் இல்லை என்று மேலதிகாரி சொன்னார். தண்ணீரைப் பற்றியும் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தண்ணீர் என்று எழுதினால் அளக்க ஆள் வர வேண்டும், அளந்ததை அவர்கள் மறுப்பார்கள், நீதிமன்றம் போவார்கள், அதற்குள் எத்தனையோ கோடை போய்விடும் என்றார். அவர் சொன்னது நடைமுறைக்குச் சரி. ஆனால் பெண்களுக்கு அனுப்ப வேண்டிய பதில் கடிதத்தைத் தமிழுக்கு மாற்ற மட்டும் வேறு ஆள் கிடைக்காமல் என்னிடமே வந்தது. ‘அனுமதிப் பத்திர நிபந்தனைகளுக்கு அமைவாக உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்று இரண்டே வரி. ஓடை என்ற சொல்லோ தண்ணீர் என்ற சொல்லோ அதில் இல்லை. இல்லாததை என்னால் மாற்ற முடியாதே.

அதைத் தபாலில் போட மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். சித்திரை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பீலியில் தண்ணீர் வந்தது, மணிக்கட்டுத் தடிப்பில். முன்பு இதைப்போல் இரண்டு மடங்கு வரும் என்றார் அந்த அம்மா. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பெட்டி எங்க போச்சு மிஸ்?”

வேறு மாவட்டத்தில் முதலாளிக்குத் தெரிந்தவர் ஒருவருடைய பவர் ஹவுசுக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன் என்றேன்.

“அங்கயும் ஓட இருக்கும்ல. லயம் இருக்கும்ல” என்றார்.

இருக்கும் என்றேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். கொன்டெய்னர் இருந்த இடத்தில் சிமெந்துத் தளம் மட்டும் இருந்தது. தம்பி இருந்த குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது.

கொன்டெய்னரோடு வரச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூடுதல் சம்பளத்தோடு. அவன் போகவில்லை. பவர் ஹவுசிலும் இருக்க விடவில்லை. இப்போது தெல்தெனியவில் தண்ணீர்ப் பம்ப் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். தம்பி மனைவி ஐந்து மாதம் என் போனை எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வந்தது, அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தீபாவளிக்கு நான் அழைக்காமலேயே போய் நின்றேன். கதவைத் திறந்து உள்ளே விட்டாள். தேத்தண்ணீர் தந்தாள். பிறகு அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

தம்பி கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, அதனால் விவசாயிகளின் பம்புகள் எல்லாம் சேற்றை இழுத்துப் பழுதாகிக் கடைக்கு வருகின்றன, வேலைக்குக் குறைவில்லை என்றான். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது பஸ் நிலையம்வரை கூட வந்தான். அப்போதுதான் அதைச் சொன்னான்.

“நீ சரியாத்தான் சொன்ன அக்கா, நான் சொன்னத அப்புடியே. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்காக ஒரு வார்த்த சேத்திருக்கலாம்.”

அந்த அம்மா சொன்னதை முதலில் சொல்லாமல் விட்டதையும், அவன் சொன்னதோடு எதையும் சேர்க்காமல் விட்டதையும் ஒன்றாக வைத்து அவனுக்கு விளக்க நினைத்தேன். கண்டி பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார். ஏறிவிட்டேன். சீட் இருந்தும் உட்காரவில்லை. திகன வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

போன மாதம் ஒரு சுற்றறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. மலைநாட்டில் மிஞ்சும் நீர்மின்சாரத்தைக் கணினி மையங்களுக்குப் பயன்படுத்துவது குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். ‘மிஞ்சும்’ என்ற சொல்லுக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, யாருக்கு மிஞ்சுகிறது என்று கேட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னும் பதில் வரவில்லை.